அடிபட்டு வந்த குழந்தையிடம் அதைப் பற்றிப் பேசலாமா?

குழந்தைகள் வார்டில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி கை எலும்பு முறிந்து வந்திருக்கிறாள், வீட்டில் அப்பாவிடம் வாங்கிய அடி என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அவளிடம் அதைப் பேசுவதில்லை, நான் பேசலாமா, பேசினால் அவளுக்கு இன்னும் வலிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறீர்கள். அப்பா பார்க்க வரும்போது அவள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்கிறாள், அதைப் பார்த்தால் யார்மேல் என்றே தெரியாமல் உங்களுக்குக் கோபம் வருகிறது. முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்திலேயே பதில் கிடைக்கும். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அடித்தவரும் அடிபட்டவளும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது, மருந்துத் தட்டோடு பக்கத்தில் நிற்கும் நான் யார்? இதுதானே கேள்வி.

நான் பத்தொன்பது வருடமாகச் செவிலியர். முதலில் குழந்தைகள் அவசரப் பிரிவு, பிறகு வார்டு, கடைசி ஆறு வருடமாக மருத்துவமனையின் குழந்தைப் பாதுகாப்புக் குழுவிலும் ஓர் ஆள். மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தப் படிவத்தில் தகவல் தர வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் மருத்துவமனையின் விதிப்புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தையைக் கவனிப்பது தனிப் பயிற்சி, அதற்குள் இங்கே போகவில்லை. கீழே சொல்லும் குழந்தைகளின் வயதையும் மற்ற அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

உங்கள் கேள்வியில் என்னை முதலில் நிறுத்திய சொல் 'எல்லோருக்கும் தெரியும்' என்பது. எல்லோருக்கும் தெரியும் சரி, யார் எழுதியிருக்கிறார்கள்? கேஸ் ஷீட்டில் இருக்கிறதா, பாதுகாப்புக் குழுவுக்கோ அரசு அதிகாரிக்கோ தகவல் போயிருக்கிறதா, அப்பா வந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தது யார்? குழந்தையிடம் பேசுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அவசரப் பிரிவில் சொல்லியிருப்பார்கள் என்று வார்டில் நினைப்பார்கள், வார்டில் சொல்லிக்கொள்வார்கள் என்று அவசரப் பிரிவில் நினைத்திருப்பார்கள், எலும்பு மருத்துவர் எலும்பை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார். பல நாடுகளில் சந்தேகம் வந்தாலே தகவல் தர வேண்டிய கடமை செவிலியருக்குத் தனியாகவே இருக்கிறது. அங்கெல்லாம் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. சட்டம் கேட்பது நியாயமான சந்தேகத்தை மட்டும்தான். நிரூபிப்பது வேறு ஆட்களின் வேலை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஆதாரம் வேண்டுமே என்று தயங்கித் தயங்கியே பல நர்ஸ்கள் குழந்தையைக் கேள்விமேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அதைத்தான் செய்யக்கூடாது. பேசலாமா என்றால், பேசலாம். விசாரிக்கலாமா என்றால், கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேள்வியின் வடிவத்திலேயே இருக்கிறது. "கை எப்படி இப்படி ஆச்சு?" என்பது திறந்த கேள்வி. அவள் என்ன சொன்னாலும் அது அவளுடைய சொல். "அப்பா அடிச்சாரா?" என்று கேட்டால் பதிலை நாமே கையில் கொடுத்துவிட்டு அவளைத் தலையாட்டச் சொல்கிறோம். ஐந்து வயதுக் குழந்தை பெரியவர்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடும், அதிலும் அடிபட்ட குழந்தை பெரியவர்களின் முகத்தைப் படிப்பதில் தேர்ந்தது. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்புபோல என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடும். பிறகு அந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், நர்ஸ் சொல்லிக்கொடுத்ததைத்தான் குழந்தை சொல்கிறது என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நாமே வழிசெய்தவர்கள் ஆவோம். குழந்தை ஒவ்வோர் அலுவலகமாகப் போய் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்பதற்காகவே, எல்லாத் துறைகளும் ஒரே கூரையின்கீழ் வரும் மையம் ஒன்றை 1985-இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் தொடங்கினார்கள். 1998-இல் ஐஸ்லாந்தில் 'குழந்தைகள் வீடு' என்று பொருள்படும் பெயரில் அதே மாதிரி ஒன்று வந்தது, பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவியது. பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார், மற்றவர்கள் அடுத்த அறையிலிருந்து கேட்பார்கள். அப்படி ஒரு வசதி இல்லாத ஊரிலும், ஒருமுறை ஒழுங்காகக் கேட்பது பத்து முறை அரைகுறையாகக் கேட்பதைவிட மேல் என்ற கணக்கு மாறாது.

ஆனால் விசாரிக்கக்கூடாது என்பதை, வாயே திறக்கக்கூடாது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் அவளிடம் பொம்மையைப் பற்றியும் மாவுக்கட்டில் என்ன படம் வரையலாம் என்பதைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்த விஷயம் பேசக்கூடாத விஷயம் என்றுதான் அவளுக்குப் புரியும். வீட்டிலும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: "சில பசங்களுக்கு வீட்ல பயமா இருக்கும். அப்படி ஏதாவது இருந்து சொல்லணும்னு தோணுச்சுன்னா நான் கேப்பேன். சொல்லணும்னு கட்டாயம் இல்ல." சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். கதவைத் திறந்து வைப்பதோடு நம் பங்கு முடிகிறது. கேட்டால் குழந்தை உடைந்துபோகும் என்ற பயத்துக்கு என் அனுபவத்தில் ஆதாரம் இல்லை. கேட்டவர் பதறியதால் வாயை மூடிக்கொண்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லும்போது எப்படிச் சொல்லும் தெரியுமா? நீங்கள் எதிர்பார்க்கிற நேரத்தில் சொல்லாது. ஏழு வயதுப் பையன் ஒருவன், நான் குனிந்து அவன் கால் விரல்களில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று நகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலிருந்து குரல் வந்தது: "அக்கா, பெல்ட்டோட எந்தப் பக்கம் ரொம்ப வலிக்கும் தெரியுமா?" நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. பார்க்கவில்லை. அடுத்த விரலை அழுத்திக்கொண்டே "எந்தப் பக்கம்?" என்றேன். சொன்னான். அப்புறம் இன்னும் கொஞ்சம் சொன்னான். என் முகத்தை அவன் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அதனால்தான் சொல்ல முடிந்தது என்று இன்றும் நினைக்கிறேன். சொல்லி முடித்ததும், "நீ சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்ல," என்றேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா," என்றான். இந்த இடத்தில் சரி என்று சொல்லிவிடுவது சுலபம், எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டு மறுநாள் சமூகப் பணியாளர் வந்து நின்றால், பெரியவர்கள் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்ற அவன் கணக்கில் நானும் சேர்ந்துவிடுவேன். "உனக்கு அடிபடாம பாத்துக்கறதுக்கு சில பேர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் போவேன்," என்றேன். முகம் சுருங்கியது. அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை. அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இனிமேல் யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது நம் கையில் இல்லை.

அவன் சொன்னதைப் பத்து நிமிடத்துக்குள் எழுதினேன். எழுதுவதில்தான் நம் கூட்டம் நிறையக் கோட்டை விடுகிறது. 'குழந்தை தந்தையால் துன்புறுத்தப்பட்டதாகத் தெரிவிக்கிறது' என்று எழுதினால் அது நம்முடைய வாக்கியம். குழந்தையின் வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட வேண்டும், கொச்சையாக இருந்தாலும் அர்த்தம் புரியாவிட்டாலும். நாம் என்ன கேட்டோம், என்ன கேட்காமலே சொன்னது, எத்தனை மணி, அறையில் யார் இருந்தார்கள், சொல்லும்போது என்ன செய்துகொண்டிருந்தது, எல்லாம் வேண்டும். காயத்தை எழுதும்போதும் இதே கதைதான். 'பழைய காயங்கள் உள்ளன' என்பது எதற்கும் உதவாது. எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன வடிவம், விளிம்பு எப்படி என்று எழுதி, உடல் வரைபடத்தில் குறித்து, அனுமதி இருந்தால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பெற்றோர் சொல்லும் விளக்கத்தையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். இரவு ஒரு கதையும் காலையில் வேறொரு கதையும் வந்தால், கவனிக்கிற ஒரே ஆள் பெரும்பாலும் நர்ஸ்தான், மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுகிறார்கள். 'பொய் சொல்கிறார்' என்று எழுத வேண்டியதில்லை. இரண்டு விளக்கத்தையும் நேரத்தோடு எழுதி வைத்தால் போதும், படிக்கிறவருக்குப் புரியும்.

உங்கள் குழந்தை விஷயத்தில் காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமல் வருகிற குழந்தைகள்தான் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அவசரப் பிரிவில் இருந்த காலத்தில் மூன்று மாதக் கைக்குழந்தையைச் சளிக்காகக் கொண்டுவந்தார்கள். கன்னத்தில் பட்டாணி அளவுக்கு ரத்தம் கட்டியிருந்தது. தொட்டிலில் இடித்துக்கொண்டான் என்றார்கள். மூன்று மாதக் குழந்தை புரளக்கூடத் தெரியாமல் எதில் போய் எப்படி இடித்துக்கொள்ளும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கன்னத்தில் சிறு தடம் என்று எழுதிவிட்டுச் சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பினோம். சில வாரம் கழித்து அதே குழந்தை வலிப்போடு வந்தது. மண்டைக்குள் ரத்தக்கசிவு, விலா எலும்புகளில் ஆறிக்கொண்டிருந்த முறிவுகள்.

பிழைத்தான். அதற்குமேல் அவனைப் பற்றி எழுதவில்லை.

பின்னால்தான் 2013-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். வன்முறை உறுதியான 200 கைக்குழந்தைகளின் பழைய விவரங்களைத் தேடிப் பார்த்ததில் 27.5 சதவீதத்தினருக்கு முன்பே இப்படி ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது, பெரும்பாலும் கன்றிய தடம். ஒப்பிட்டுப் பார்த்த, வன்முறைக்கு உள்ளாகாத 101 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. இன்னும் தவழவோ பிடித்துக்கொண்டு நடக்கவோ தொடங்காத குழந்தையின் உடம்பில் கன்றிய தடம் இருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மூத்தவர் ஒருவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'டென்-ஃபோர்-ஃபேசஸ்-பி' என்று, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த ஒரு நினைவு விதி இருக்கிறது. நெஞ்சு, வயிறு, முதுகு முதலான உடற்பகுதி, காது, கழுத்து, தாடை முனை, கன்னத்தின் சதைப்பகுதி, இமை, கண்ணின் வெள்ளைப்பகுதி, மேலுதட்டின் உள்மடிப்பு, இவற்றில் தடமோ காயமோ இருந்தாலும், விரலோ பெல்ட்டோ பதிந்த மாதிரி வடிவம் தெரிந்தாலும், ஐந்து மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பில் எங்கே தடம் இருந்தாலும் கவனி என்கிறது. 2021-இல் வெளியான ஆய்வில் வன்முறைக்கு உள்ளான குழந்தைகளில் 95 சதவீதத்தை இது சரியாகப் பிடித்தது, தற்செயலாக அடிபட்டவர்களில் 87 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. அந்த 87-ஐ மறந்துவிடாதீர்கள். நூற்றில் மீதி 13 பேர் உண்மையிலேயே விழுந்து அடிபட்டவர்கள், அவர்களுடைய அம்மா அப்பாவை நாம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்போம். ஓடியாடும் குழந்தையின் முழங்காலிலும் நெற்றியிலும் தடமே இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

நாங்கள் படித்த காலத்தில் நிச்சயம் என்று சொல்லிக்கொடுத்து, இப்போது இல்லை என்று ஆகிவிட்டவையும் உண்டு. தடத்தின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று சொல்லலாம் என்பார்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒரு பட்டியலே மனப்பாடம் செய்தோம். அது நம்பத்தக்கது அல்ல. ஒரே நாளில் பட்ட இரண்டு அடி ஒரே உடம்பில் இரண்டு நிறத்தில் நிற்கும், கருத்த தோலில் நிறமே சரியாகத் தெரியாது. 'வெவ்வேறு நாட்களில் பட்ட அடி' என்று நிறத்தைப் பார்த்து எழுதாதீர்கள். மேலுதட்டு உள்மடிப்பு கிழிந்தாலே வன்முறைதான் என்பதும் அப்படித்தான். நடக்கப் பழகும் குழந்தை முகம் குப்புற விழுந்தாலும் கிழியும். பிறக்கும்போதே இடுப்பிலும் புட்டத்திலும் இருக்கும் நீலத் திட்டுகளை அடித்த தடம் என்று நினைத்து ஒரு தாயை மணிக்கணக்கில் உட்கார வைத்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்தத் திட்டு வலிக்காது, நாள்கணக்கில் நிறமும் மாறாது. பிறந்த அன்றே குறித்து வைத்திருந்தால் அந்தத் தாய்க்கு அந்த நாள் வந்திருக்காது. ரத்தம் உறையாத நோய், எளிதில் முறியும் எலும்பு நோய், சிகரெட் சூடுபோலவே தெரியும் தோல் புண், இவற்றையெல்லாம் மருத்துவர்கள் பரிசோதித்து விலக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் உடம்பு முழுவதற்கும் எக்ஸ்ரே எடுத்து, சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பதும் இதற்காகத்தான். புது விலா முறிவு முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும், ஆறத் தொடங்கிய பிறகே கண்ணில் படும். வெந்நீர்க் காயத்தில் மட்டும் நர்ஸின் கண் சீக்கிரம் பழகிவிடும். தானாகக் கொட்டிக்கொண்ட தண்ணீர் தெறித்து வழிந்து ஒழுங்கில்லாமல் சுடும். பிடித்து அமுக்கிய காயம் காலுறை போட்ட மாதிரி ஒரே கோட்டில் நிற்கும்.

கூட வேலை செய்பவர்கள் நம்ப மறுத்தால் சோர்ந்துபோகாதீர்கள், இந்தத் துறையே நம்ப மறுத்துத்தான் வளர்ந்தது. 1860-இலேயே பாரிஸில் அம்புரோவாஸ் தார்தியூ என்ற சட்ட மருத்துவர் 32 குழந்தைகளின் விவரத்தை எழுதி வைத்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1946-இல் ஜான் காஃபி என்ற கதிரியக்க மருத்துவர், மண்டைக்குள் ரத்தக்கட்டும் கைகால் எலும்பு முறிவுகளும் சேர்ந்தே இருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1962-இல் ஹென்றி கெம்ப்பும் கூட்டாளிகளும் 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்று பெயரே வைத்த பிறகுதான் மருத்துவ உலகம் விழித்தது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தகவல் தரும் சட்டம் வந்துவிட்டது.

சரி, உங்கள் வார்டுக்கு வருவோம். அந்தக் குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி பேச்சில் இல்லை, தொடுவதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அடிபட்ட குழந்தைக்குத் தன்னை நோக்கி வரும் கை எதற்கு வருகிறது என்று தெரியாது. நாமோ நாளெல்லாம் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறோம், காய்ச்சல் பார்க்க, மருந்து கொடுக்க, துணி மாற்ற. நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு பிபி பார்க்கப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். இறுகியதும் கத்தவில்லை, அழவில்லை, அப்படியே கல்லாகிவிட்டான். கண் மட்டும் என் கையிலேயே இருந்தது. மூச்சு விடுகிறானா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவன் கையை யாரோ அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. காற்றை இறக்கிவிட்டுப் பட்டையைக் கழற்றி அவன் மடியில் போட்டேன். மறுநாள் காற்றடிக்கும் ரப்பர் குமிழை அவன் கையில் கொடுத்து, என் கையில் கட்டிக் காற்றடிக்கச் சொன்னேன். இரண்டு கையாலும் அமுக்கினான். "போதும், விடு" என்றேன், திருகை எப்படித் திறப்பது என்று காட்டினேன், உஸ்ஸென்று காற்று இறங்கியது. திரும்பக் காற்றடித்தான். அன்று அவன் பிபியே பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவனே கையை நீட்டினான், "நான் சொன்னதும் விடணும்" என்று நிபந்தனையோடு.

மற்றதெல்லாம் இதே கணக்குத்தான். தொடுவதற்கு முன் எந்த இடத்தைத் தொடப்போகிறோம் என்று சொல்லுங்கள். தூங்கும்போது உலுக்கி எழுப்பாதீர்கள், கால்மாட்டில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எந்தக் கையில் ஊசி, உட்கார்ந்தா படுத்தா என்று அதன் விருப்பத்துக்கு விடக்கூடியதை விட்டுவிடுங்கள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்காதீர்கள், வேண்டாம் என்றாலும் போடத்தான் போகிறோம். நான்கு பேர் பிடித்து அமுக்கி ஊசி போடும் பழக்கம் எந்தக் குழந்தைக்குமே ஆகாது, இவர்களுக்குச் சுத்தமாக ஆகாது. மரத்துப்போகும் களிம்பு தடவி அரை மணியோ ஒரு மணியோ காத்திருக்க முடிகிற இடத்தில் காத்திருங்கள். படுக்கையை நனைத்தால் வார்டில் மற்றவர்கள் காதில் விழும்படி எதுவும் சொல்லாமல் மாற்றுங்கள். தலையணைக்கடியில் ரொட்டித் துண்டை ஒளித்து வைத்தால் பிடுங்காதீர்கள், மூடி போட்ட டப்பா ஒன்று கொடுங்கள். உங்களை அடிக்கிற, கடிக்கிற குழந்தையும் இருக்கும். அதைச் சமாளித்துவிடலாம். எனக்குப் பயம் தருவது எதற்குமே அழாத, சொன்னதெல்லாம் கேட்கிற, எல்லோருக்கும் நல்ல பெயர் வாங்குகிற குழந்தைதான். டியூட்டி மாற்றும்போது தொந்தரவே இல்லாத குழந்தை என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவோம்.

இனி அப்பா. அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது நடிப்பு இல்லை, அடி விழவில்லை என்பதற்கு அடையாளமும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்பா ஒருவர்தான், அவரைவிட்டால் வேறு அப்பா கிடையாது. பயமும் பாசமும் ஒரே ஆள்மேல் இருக்க முடியும், இருக்கிறது. சில சமயம் முந்திக்கொண்டு போய்க் கட்டிக்கொள்வது அவர் இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்று பார்ப்பதற்காகவும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எது எவ்வளவு என்று நம்மால் சொல்ல முடியாது, சொல்ல முயலவும் வேண்டாம். அவளிடம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசாதீர்கள். அவர் மோசமானவர் என்றால் அவரை நேசிக்கிற நானும் மோசம் என்றுதான் அவள் முடித்துக்கொள்வாள். "அடிக்கிறது தப்பு" என்று சொல்லலாம், அதற்குமேல் வேண்டாம். அவரிடமும் கேள்வி கேட்டு மடக்கும் வேலை நம்முடையது இல்லை. மடக்கினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் நமக்கு அவளைப் பார்க்கவே கிடைக்காது. பார்க்க அனுமதி இருந்தால் வரட்டும், நீங்களோ இன்னொருவரோ கண்ணில் படும் தூரத்தில் இருங்கள், அவர் வந்து போனபின் அவள் எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று எழுதுங்கள். உங்கள் கோபத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் வரும். அவரிடம் பேசும்போது கேஸ் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் இருப்பதை மட்டும் பேசுவேன், அது ஒரு கைத்தடி மாதிரி.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. குழந்தையை அடிக்கிற வீட்டில் அம்மாவுக்கும் பல சமயம் அடி விழுகிறது. 'பெற்ற பிள்ளையைக் காப்பாற்றாமல் என்ன செய்துகொண்டிருந்தாள்' என்ற பேச்சு வார்டில் நிச்சயம் அடிபடும், நர்ஸ்களே பேசுவார்கள். அவளைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்து, கணவரும் குழந்தையும் இல்லாதபோது, வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று யாராவது கேட்டார்களா? பேச்சைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்ட குழந்தையை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அது வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம். உதவி எண் எழுதிய காகிதத்தைப் பையில் திணிக்காதீர்கள், அதை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். உடனே வீட்டைவிட்டு வாருங்கள் என்று அறிவுரையும் சொல்லாதீர்கள். பிரிந்து போகும் நேரம்தான் பெரும்பாலும் ஆபத்தான நேரம், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும்.

இந்தக் குழந்தை பெரியவளாகி எப்படி இருப்பாள் என்று யோசித்திருப்பீர்கள். 1998-இல் வந்த, 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு, சிறுவயதில் இத்தகைய அனுபவங்கள் கூடக்கூடப் பிற்கால நோய்களும் கூடுகின்றன என்று காட்டியது. அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. ஒரு குழந்தைக்கு இத்தகைய அனுபவங்கள் எத்தனை என்று எண்ணி மதிப்பெண் போட்டு அவள் தலையெழுத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தக்கூடாது என்று ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020-இல் எழுதினார். இன்னொரு பக்கம், நம் அன்பே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய சோதனையில், முதல் குழந்தையைச் சுமந்த தாய்மாரின் வீட்டுக்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை நர்ஸ்கள் தொடர்ந்து போய்வந்தார்கள். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது நர்ஸ்கள் போகாத குடும்பங்களைவிட அங்கே குழந்தை வன்முறை, புறக்கணிப்பு பற்றிய புகார்கள் 48 சதவீதம் குறைவாக இருந்தன. நம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை தரும் எண் எனக்குத் தெரியாது. ஆனால் அதே குடும்பங்களை 2000-இல் மறுபடி அலசியபோது, தாய்க்குத் தொடர்ந்து அடி விழுந்த வீடுகளில் அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. வீட்டில் வன்முறை நிற்காமல் நர்ஸின் பராமரிப்பு மட்டும் போதாது. மனக்காயத்துக்கான உளவியல் சிகிச்சை தனியாக இருக்கிறது, அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அவளை அங்கே அனுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று. பிறர் வலியைச் சுமந்து சுமந்து வரும் களைப்புக்கு இன்று புழங்கும் 'கம்பாஷன் ஃபெடீக்' (இரக்கச் சோர்வு) என்ற பெயரை 1992-இல் எழுத்தில் கொண்டுவந்தவர்களில் கார்லா ஜாய்ன்சன் முன்னோடி, அவரும் நர்ஸ்தான், எழுதியது நர்ஸ்களைப் பற்றித்தான். வீட்டுக்குப் போனபிறகும் அந்தக் குழந்தை கண்ணில் நின்றால், உங்கள் மேலதிகாரியிடமோ குழுவில் ஒருவரிடமோ பெயர் சொல்லாமல் பேசுங்கள். உங்கள் சிறுவயதிலும் அப்படி ஒரு வீடு இருந்திருந்தால், நம்மில் பலருக்கு இருந்திருக்கிறது, அதை யாரிடமாவது சொல்லி வைப்பது நல்லது. சில கேஸ்களைக் கைமாற்றிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

நாளைக்குப் போனதும் முதலில் கேஸ் ஷீட்டைப் பாருங்கள், தகவல் போயிருக்கிறதா என்று. போகவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். பிறகு அவளிடம் போய், மாவுக்கட்டுப் போட்ட கையின் விரல்களைத் தொட்டுப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். டியூட்டி முடியும்போது சொல்லாமல் கிளம்பாதீர்கள். நாளைக்கு வருவேனா, எப்போது வருவேன், ராத்திரி யார் இருப்பார்கள் என்று பெயரோடு சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு மணி தெரியாது, 'காலையில சாப்பாடு வந்த அப்புறம்' என்றால் தெரியும். சொன்னபடி வர முடியாமல் போனால் வார்டுக்குப் போன் பண்ணி, அக்கா இன்றைக்கு வர மாட்டாங்க, நாளைக்கு வருவாங்க என்று யாரையாவது அவளிடம் சொல்லச் சொல்லுங்கள்.